இரண்டாவது கஸ்கெற்

எங்கள் சித்தப்பாவுக்கு நல்ல பெற்றோலில் நம்பிக்கை வரப் பல மாதங்கள் எடுத்தன. ஜெர்மனியின் டோர்ட்மண்டில் பெற்றோல் அடிக்கும் செற்றைக் கடக்கும்போதெல்லாம் நின்று மூக்கை உயர்த்தி மணந்து பார்ப்பார். கலப்படமில்லை என்று தெரிந்ததும் ஏதோ ஏமாந்தவர்போல நடையைக் கட்டுவார்.

காரணம் இருந்தது. யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத வருடங்களில் அவர் அங்கே மெக்கானிக்காக இருந்தார். ஒரு மூடி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவைப்பார்கள். மண்ணெண்ணெய் அதிக அமுக்கத்தைத் தாங்காது. நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சின் இடிக்கத் தொடங்கும். ஆகவே எஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே, கசியாமல் அடைக்கும் மெல்லிய தகடான கஸ்கெற் ஒன்று வைக்க வேண்டிய இடத்தில் இரண்டை அடுக்கி, அமுக்கத்தைக் குறைத்து விடுவார்கள். சித்தப்பா வேலை செய்த கொட்டிலில் கஸ்கெற்றுகளை எடுத்துக் கொடுப்பது நான்தான். எஞ்சின் என்றால் இரண்டு கஸ்கெற் என்பதே எனக்குத் தெரிந்த எஞ்சின் சாத்திரம்.

ஜெர்மனிக்கு வந்த பிறகு சித்தப்பாவுக்கு வேலை செய்ய அனுமதியில்லை. யாராவது முதலாளி 'இந்த மனிதன் எனக்கு வேண்டும்' என்று கடிதம் கொடுத்தால் அனுமதிக்கு அன்ராக், அதாவது விண்ணப்பம், போடலாம் என்றார்கள். எங்கள் கட்டடத்து ஹவுஸ்மைஸ்ரர், குழாய் ஒழுகினாலும் விளக்கு அணைந்தாலும் நாங்கள் கூப்பிடும் மனிதர், பழைய சுரங்கத் தொழிலாளி. அவரிடம் ஒரு சின்ன வெள்ளைக் கார் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில், கடைகள் பூட்டியிருக்கும் நேரத்தில், பெரிய கார் தரிப்பிடங்களில் கூம்புகளை வைத்து அவற்றுக்கிடையே வளைந்து வளைந்து ஓடும் போட்டிகளுக்கு அதைக் கொண்டுபோவார். எப்போதும் கடைசியாக வருவார். அவருடைய கிளப்பில் சொந்தமாகக் கார் திருத்தும் கராஜ் வைத்திருந்த மீசைக்காரர் ஒருவர் எப்போதும் முதலாவதாக வருவார்.

ஹவுஸ்மைஸ்ரர் சித்தப்பாவுக்காக மீசைக்காரரிடம் வேலை கேட்டார். அவன் கட்டிய எஞ்சின் என்னுடைய காரை முந்தட்டும், அடுத்த நாளே கடிதம் தருகிறேன் என்று மீசைக்காரர் சிரித்தாராம். கூச்ச சுபாவமுள்ள நான்தான் இதையும் மொழிபெயர்த்தேன். எங்கள் குடும்பத்தில் அப்போது ஜெர்மன் பேசத் தெரிந்தவன் நான் மட்டும்தான். படிக்கட்டிலும் தொலைக்காட்சியிலும் பொறுக்கிய ஜெர்மன் அது. சித்தப்பா யோசிக்காமல் ஓம் என்றார். "இஞ்சயும் வந்து கறுத்த எண்ணெய்க்குள்ளதான் கையை வைக்கப் போறியோ?" என்று அப்பா கேட்டதற்கு, "ரெஸ்ரோறண்டில கோப்பை கழுவுற தண்ணியை விட அது சுத்தம், அண்ணை" என்றார்.

ஹவுஸ்மைஸ்ரருக்கு ஓர் எண் தேவைப்பட்டது. பத்தரை. பிஸ்டன் கீழே நிற்கும்போது சிலிண்டருக்குள் இருக்கும் இடம், அது மேலே வந்து முட்டும்போது மிஞ்சும் இடத்தைப்போலப் பத்தரை மடங்காக இருக்க வேண்டும். பழைய எஞ்சினில் அது ஒன்பதரைதான். அந்த ஒன்று கூடினால் கார் பாயும் என்றார்.

கூட்டுவதற்கு எஞ்சின் தலையின் அடியைச் சீவி, மிஞ்சும் இடத்தைக் குறைக்க வேண்டும். சீவிக்கொண்டு வந்த தலையை எங்கள் கட்டடத்தின் கீழிருந்த கராஜில் குப்புறக் கவிழ்த்து, வெடிப்பு நடக்கும் குழியின்மேல் ஓட்டை போட்ட கண்ணாடித் துண்டை கிரீஸ் பூசி ஒட்டினார்கள். ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் ஓட்டை வழியே திரவத்தை விட்டு, குழி நிரம்ப எவ்வளவு போகிறதென்று பார்க்க வேண்டும். ஹவுஸ்மைஸ்ரர் அதற்குக் கொண்டுவந்தது மண்ணெண்ணெய். போத்தலைத் திறந்ததும் சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. "இவங்களிட்டயும் இருக்குதடா தம்பி," என்றார்.

குழிக்குள் போனதையும், கஸ்கெற்றின் தடிப்பு விடும் இடத்தையும், பிஸ்டனுக்கு மேலே மிஞ்சும் சொற்ப இடத்தையும் கூட்டினோம். முப்பத்துநாலு மில்லிலீற்றர். பிஸ்டன் ஓடித் திரியும் இடம் முந்நூற்றிருபத்தைந்து. பிரிக்க வேண்டிய நேரத்தில் ஹவுஸ்மைஸ்ரர் கையை விரித்தார். கணக்கைச் சுரங்கத்துக்குள்ளேயே விட்டுவிட்டு வந்தாராம். சித்தப்பா என்னைப் பார்த்தார். நெடும்பிரித்தல் நான் ஊரில் கடைசியாகப் படித்த கணக்கு. சோக்கை வாங்கி, கராஜின் சீமெந்துத் தரையில் முழந்தாளிட்டு, இரண்டும் சேர்ந்த முந்நூற்றைம்பத்தொன்பதை முப்பத்துநாலால் பிரித்தேன். பத்தரைக்குக் கொஞ்சம் மேலே வந்தது. ஹவுஸ்மைஸ்ரர் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார்.

போட்டிக்கு முதல் நாள் சனிக்கிழமை தலையைப் பூட்டினோம். ஹவுஸ்மைஸ்ரர் கோப்பி எடுக்க மேலே போயிருந்தார். சித்தப்பா கையை நீட்டினார், நான் கஸ்கெற்றைக் கொடுத்தேன். மறுபடி நீட்டினார், மறுபடி கொடுத்தேன். கராஜ் முழுக்க மண்ணெண்ணெய் மணந்தது. கைகளுக்கு அது போதுமாக இருந்தது.

மத்தியானம் மீசைக்காரர் வேடிக்கை பார்க்க வந்தார். எஞ்சினைச் சுற்றவிட்டு, பிளக் ஓட்டையில் அமுக்கம் காட்டும் மணிக்கூட்டைப் பொருத்தினார்கள். பழைய எஞ்சினில் முள் நின்ற இடத்தை ஹவுஸ்மைஸ்ரர் அதன் கண்ணாடியில் கோடு போட்டு வைத்திருந்தார். முள் ஏறி, அதைத் தாண்டாமல் கச்சிதமாக அந்தக் கோட்டிலேயே நின்றது. நாலு சிலிண்டரிலும் அப்படியே.

மீசைக்காரர் தரையிலிருந்த சோக்கு எழுத்துகளைப் பார்த்தார். யார் பிரித்தது என்று கேட்டு, ஹவுஸ்மைஸ்ரர் காட்டிய என்னைப் பார்த்தார். பிறகு, குழந்தைக் கணக்கில் கட்டிய எஞ்சின் குழந்தைபோலத் தவழும் என்று சொல்லிவிட்டுப் போனார். இதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் சித்தப்பாவுக்கு விளங்கிவிட்டது.

நான் மறுபடி பிரித்தேன். அழித்துவிட்டுப் பிரித்தேன். பெருக்கிச் சரிபார்த்தேன். அதே பத்தரைதான். காது கொதித்தது. என்னுடைய ஐந்தாம் வகுப்பு வாத்தியார் உட்பட எல்லாரும் அந்தக் கராஜுக்குள் தோற்றுப்போனதாக உணர்ந்தேன்.

எப்படியும் தலையைத் திரும்பக் கழற்றிப் பார்ப்போம் என்ற ஹவுஸ்மைஸ்ரர், கழற்றினால் புதுக் கஸ்கெற் வேண்டும், நல்லவேளை ஒன்றை மேலதிகமாக வாங்கிவைத்தேன் என்று பெட்டியைத் திறந்தார். பெட்டி காலி. மற்றது எங்கே என்று என்னிடம் கேட்டார். நான் சித்தப்பாவிடம் கேட்டேன்.

சித்தப்பா பெட்டியைப் பார்த்தார். எஞ்சினைப் பார்த்தார். பிறகு தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அது வேறு யாருடையதோ போல.

"தம்பி, ரெண்டையுமோ தந்தனீ?"

"ஓம். நீங்கள் கை நீட்டினீங்கள்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். நின்று சிரித்து, குந்தி இருந்து சிரித்தார். நான் சோக்கை எடுத்து இரண்டாவது கஸ்கெற்றின் நாலு மில்லிலீற்றரைக் கூட்டிப் பிரித்தேன். ஒன்பதரை. ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான இடம், சீவியதெல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. பாடுபட்டுப் பழைய எஞ்சினையே திரும்பக் கட்டியிருந்தோம். ஆனால் முள் நின்ற இடம் என் கணக்குக்குச் சாட்சி சொன்னது. பிழை எஞ்சினில்தான், பிரித்தலில் இல்லை.

இனிக் கடை திங்கட்கிழமைதான் திறக்கும். ஒருமுறை நசிந்த கஸ்கெற்றைத் திரும்பப் போடக்கூடாது என்று ஹவுஸ்மைஸ்ரர் தலையில் கைவைத்தார். நான் அதைச் சொன்னதும் சித்தப்பா எழும்பினார்.

"அவருக்குச் சொல்லு, ஒரு கஸ்கெற்றை மூண்டு எஞ்சினுக்குப் போட்டு ஓடின ஆக்கள் நாங்கள். வெள்ளிப் பெயின்ற் இருக்கோ எண்டு கேள்."

வெப்பமூட்டிக் குழாய்களுக்கு அடிக்கும் வெள்ளிப் பெயின்ற் இருந்தது. இரண்டில் நல்லதைத் தெரிந்து, இரு பக்கமும் மெல்லிசாகப் பூசி, காயவிட்டுப் பூட்டினார். இம்முறை ஒருதரம்தான் கை நீட்டினார். நான் கொடுத்த பிறகு என் இரண்டு கைகளையும் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். எஞ்சினைச் சுற்றவிட்டபோது முள் கோட்டைத் தாண்டி ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஓட்டத்தில் ஹவுஸ்மைஸ்ரர் ஆவேசத்தில் ஒரு கூம்பை இடித்து, தண்டனை நேரம் வாங்கினார்; இரண்டு ஓட்டங்களில் நல்லதுதான் கணக்கு. சித்தப்பாவுக்குக் கூம்பைப் பற்றிக் கவலையில்லை. கண்ணை மூடி எஞ்சினின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். "எஞ்சின் இடிக்கேல்லை," என்றார். இரண்டாவது ஓட்டத்தில் அந்த வெள்ளைக் கார் ஒவ்வொரு வளைவிலிருந்தும் கல்லெறிபட்ட நாய்போலப் பாய்ந்தது. ஒலிபெருக்கியில் நேரத்தைச் சொன்னார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண் தன் கோப்பியைக் கொட்டிக்கொண்டாள். மீசைக்காரரை ஒரு மூச்சளவில் முந்தியிருந்தோம். ஹவுஸ்மைஸ்ரர் காரை விட்டு இறங்கி ஓடிவந்து சித்தப்பாவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். சித்தப்பா என்ன செய்வதென்று தெரியாமல் அவருக்குக் கும்பிடு போட்டார்.

மீசைக்காரர் வந்தார். சொன்ன சொல் காக்கும் மனிதர்தான். நான் மொழிபெயர்த்தேன்.

"சித்தப்பா, நாளைக்குக் காலமை ஏழு மணிக்கு வரட்டாம்."

"என்னத்துக்கெண்டு கேள்."

"வேலைக்காம். கடிதம் தருவாராம்."

சித்தப்பா தனக்குத் தெரிந்த ஒரே ஜெர்மன் சொல்லை, யா, யா, யா என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே நின்றார்.

மீசைக்காரர் என் பக்கம் குனிந்தார். என் கணக்குச் சரி என்று ஹவுஸ்மைஸ்ரர் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். கையை நீட்டினார், பெரிய மனிதனுக்கு நீட்டுவதுபோல. எந்த வகுப்பில் படிக்கிறாய் என்று கேட்டார்.

நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராத பிள்ளைகளுக்கு எங்கள் மாநிலத்தில் அப்போது பள்ளிக்கூடம் கட்டாயமில்லை. வீட்டிலும், அலுவலகங்களுக்கு மொழிபெயர்க்க நான் தேவைப்பட்டேன். ஆகவே அன்று எனக்கிருந்த பெருமை முழுவதையும் குரலில் சேர்த்து, தெளிவான ஜெர்மனில், நான் பள்ளிக்கூடம் முடித்துவிட்டேன் என்றேன்.

மீசைக்காரர் ஹவுஸ்மைஸ்ரரைப் பார்த்தார். ஹவுஸ்மைஸ்ரர் தன் சப்பாத்தைப் பார்த்தார். மீசைக்காரர் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

பதினொரு வயதில் படிப்பையே முடித்துவிட்ட கெட்டிக்காரனைக் கண்டு பெரியவர்கள் வாயடைத்துப் போனார்கள் என்று எனக்கு விளங்கியது. நெஞ்சை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டேன்.