கை எட்டாத இடம்

பெரிய ஹோட்டல் ஒன்றின் கீழ்த்தளத்தில் இருந்தது அந்தச் சலவைக்கூடம். துவைத்த படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைகளுக்குள் செலுத்துவது அவள் வேலை. மறுபக்கத்தில் அவை வெள்ளை வெளேரென்று மிதந்து வரும். கூடவே நீராவியும் வரும். அந்த வெண்மைக்குள்ளிருந்து அவள் சத்தமில்லாமல் வெளிப்படுவதைப் பார்த்துவிட்டுக் கூட வேலை செய்தவர்கள் 'ஆவி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது. ஆவியின் முதுகை யார் பார்க்கப்போகிறார்கள்?

அவள் முகம் கண்ணாடி மாதிரி இருக்கும். முதுகுதான் வேறு கதை. தோள்பட்டையிலிருந்து பாதி முதுகுவரை பருக்கள். சில சிவந்திருந்தன, சில சீழ் கட்டியிருந்தன, சில உள்ளுக்குள் கல்லாக இறுகியிருந்தன. அழுக்குதான் காரணம் என்று நினைத்து, சொரசொரப்பான நாரை நீளமாகத் திரித்து முதுகு எரிய எரியத் தேய்ப்பாள். மறுநாள் இன்னும் நாலு கூடியிருக்கும்.

கணவர் வீடுகளுக்கு வர்ணம் அடிப்பவர். கல்யாணமாகி ஒரு வருஷம் ஓடியும் வெளிச்சத்தில் அவருக்கு முதுகைக் காட்டியதில்லை. ஒரு காலையில் அவளுடைய சட்டையின் பின்பக்கத்தில் துளி ரத்தம் இருப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"என்னம்மா, எங்கயாவது இடிச்சுக்கிட்டியா?"

"கொசுங்க."

"கொசுவா, கழுகா?"

அவள் சிரித்து மழுப்பிவிட்டாள். ஆனால் அன்று வேலை முடிந்ததும் கால்கள் தாமாகவே தோல் டாக்டரிடம் கொண்டுபோய் விட்டன.

டாக்டரம்மா விளக்கைத் திருப்பிப் பார்த்தார். "நாரைத் தூக்கிப் போடுங்க முதல்ல. இது அழுக்கு இல்ல. தோல்ல ஊறுற எண்ணெயும் செத்த தோலும் சேர்ந்து துவாரத்தை அடைச்சிடுது. உங்க சீருடை உடம்போட ஒட்டுமா?"

"ஒட்டும். நைலான் மாதிரி."

"வேர்வையும் உரசலும் அதைக் கிளப்பிவிடுது. உள்ள தளர்வா பருத்திச் சட்டை போடுங்க. வேலை முடிஞ்சதும் குளிச்சிடுங்க. தலைக்குப் போடுற கண்டிஷனர் முதுகுல வழிஞ்சா நல்லா அலசிடணும்."

குளிக்கும்போது பூசிக் கொஞ்ச நேரம் விட்டுக் கழுவ ஒரு மருந்தும், படுக்குமுன் மெல்லிசாகத் தடவ ஒரு களிம்பும் எழுதிக் கொடுத்தார். "பலன் தெரிய ரெண்டு மூணு மாசம் ஆகும். ஆரம்பத்துல தோல் வறண்டு உரியும், பயந்து நிறுத்திடாதீங்க. களிம்பு தடவ வீட்டுல யாராவது இருக்காங்களா? உங்க கை எட்டாது."

அவள் மருந்துகளை வாங்கிக்கொண்டு பேருந்து ஏறினாள். பேருந்து ஜன்னலில் தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக வழுக்கிப் போயின. அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் களிம்பை அவர் கையில் வைத்தாள். கட்டிலில் உட்கார்ந்து, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சட்டையை இறக்கினாள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"தெரியும்மா," என்றார்.

"எப்படி?"

"கைக்குத் தெரியாதா? கல்யாணமான புதுசுலயே தெரியும். நீயா சொல்ற வரைக்கும் கேக்க வேணாம்னு விட்டுட்டேன்."

அவள் கண்கள் நிறைந்தன. அவர் களிம்பைத் தொட்டு, மெதுவாகப் பரப்பினார்.

"கெட்டியா அப்பக் கூடாதாம், மெல்லிசா போடச் சொன்னாங்க."

"என்கிட்டயேவா? ஒரே கோட்டிங்தான். வழியாது, திட்டுத் திட்டா நிக்காது."

அழுகையின் நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்தது. குளிர்ந்த விரல்கள் ஏதோ தூரதேசத்தில் நடப்பதுபோல் இருந்தது.

முதலில் தோல் உரிந்தது, அரித்தது. குளியல் மருந்து பட்டு வீட்டு நீலத் துண்டில் சாயம் போய் வெள்ளைத் திட்டுகள் விழுந்தன. ஊரார் கறையையெல்லாம் போக்குகிறவள் வீட்டில் இந்தக் கோலமா என்று அவர் கேலி செய்தார். அடுத்த மாதம் கற்கள் கரையத் தொடங்கின. பிறகு புதிதாக வருவது குறைந்தது. பழுப்புத் தழும்புகள் மட்டும் அவசரப்படாமல் மங்கின. சில அப்படியே தங்கிவிட்டன. திரும்ப வராமலிருக்கக் களிம்பைத் தொடரச் சொன்னார் டாக்டரம்மா. அவர்கள் தொடர்ந்தார்கள்.

களிம்பு தடவும் அந்த நேரத்தில்தான் இருவருக்கும் பேச்சு வந்தது. எந்த வீட்டுக்காரர் என்ன நிறம் கேட்டு அடம்பிடித்தார் என்று அவர் சொல்வார். எந்த உருளை இன்று முனகியது என்று அவள் சொல்வாள். பாதி வாக்கியத்திலேயே அவளுக்குக் கண் செருகிவிடும்.

"தூங்கிட்டியா?"

"இல்லங்க, சொல்லுங்க," என்பாள், தூக்கத்துக்குள்ளிருந்து.