அத்தை ஓடிய பாட்டு

அந்தப் பாட்டு ரேடியோவில் வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே திருத்தணிக்காரர்களுக்கு அதில் பாதி தெரியும். பாதிதான் தெரியும் என்பதுதான் தொல்லை. பங்குனி வெயிலில் சென்னையிலிருந்து வந்திறங்கிய சினிமாக்காரர்கள், மலைப்படியில் ஒரு மண்டபத்து நிழலில் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியை வைத்துக்கொண்டு, 'ஏறி வந்தேன், ஏறி வந்தேன், எட்டிப் பாரய்யா' என்ற ஒரே வரியை ஒரு நாள் முழுக்கப் போட்டார்கள். மறுநாள் அதற்கு அடுத்த வரி. அப்புறம் நடுவிலிருந்து ஒரு துண்டு. வரி பாதியில் நிற்கும், யாரோ விசில் ஊதுவார்கள், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். கீழே தறி ஓட்டுகிறவர்கள், குளத்தில் குளிக்கிறவர்கள், மொட்டை போட்டுக்கொள்ளத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த வெளியூர்க்காரர்கள் என்று எல்லோரும் அது எப்படி முடியப்போகிறதோ என்று காதைக் கொடுத்துக் காத்திருந்து ஏமாந்தார்கள். தும்மல் மூக்கு வரைக்கும் வந்து நின்றுவிடுகிற அவஸ்தை அது.

எங்கள் தெருவில் அந்த அவஸ்தை அதிகமாகப் பிடித்து ஆட்டியது என் அத்தையைத்தான். அத்தை என்றால் நைனாவின் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) ஒரே தங்கை. தாயும் தகப்பனும் போனபிறகு எங்களோடுதான் இருந்தாள். நைனா தறியில் உட்கார, அத்தை பக்கத்தில் ராட்டினத்தில் நூல் சுற்றிக் கொடுப்பாள். ஆனால் அரை மணி சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் உட்கார அவளால் முடியாது. நடந்து செய்கிற வேலையை ஓடிச் செய்வாள். மலைக்குப் போனால் படிகளில் எங்களையெல்லாம் விட்டுவிட்டு மேலே போய் நின்று, "இன்னும் வந்துகினே இருக்கீங்களா" என்று கேட்பாள். அவளுக்குப் பள்ளிப்பட்டில் பவர்லூம் வைத்திருந்த ஒரு குடும்பத்தில் பேசி முடித்தாகிவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை அவர்கள் வந்து முறைப்படி பெண்ணைப் பார்த்துவிட்டால் தேதி குறித்துவிடலாம் என்கிற கட்டம்.

அந்த வாரத்தில் ஒரு காலை, அம்மா மிளகாயும் தனியாவும் வறுத்து ஒரு தூக்கில் போட்டு, அரைத்துக்கொண்டு வரச்சொல்லி எங்களை மில்லுக்கு அனுப்பினாள். எனக்கு அப்போது ஒன்பது வயது, ரெட்டைச் சடை. தெருமுனையில் மில்லுக்கு இடதுபக்கம் திரும்ப வேண்டும். அத்தை வலதுபக்கம் திரும்பினாள்.

"மில்லு அந்தப் பக்கம் அத்தை."

"தெரியும். அந்த வரி முடியற வரைக்கும் கேட்டுட்டுப் போயிரலாம், வா."

வரி முடிவதாகத் தெரியவில்லை. படியில் கதாநாயகி பச்சைப் புடவையும் சலங்கையுமாக நின்றுகொண்டிருந்தார். கோயில் படி என்பதால் செருப்புப் போடக்கூடாது. சலங்கைக் கால்கள் படியில் தடதடவென்று ஏறி ஓட வேண்டும், அதைக் காமிரா தரையோடு தரையாகப் படுத்துப் பிடிக்க வேண்டும். அந்த அம்மாளோ நாலு படி ஏறுவார், அடுத்ததில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கொக்கு மாதிரி நிற்பார். ஈரச் சாக்கை விரித்துப் பார்த்தார்கள். படம் பிடிக்கும்போது சாக்கை எடுத்தாக வேண்டும், எடுத்ததும் கல் சுட்டது. டான்ஸ் மாஸ்டர் தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் அவருடைய உதவியாள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் பக்கம் வந்தான். "வெறுங்கால்ல ஓடறவங்க யாராச்சும் இருக்கீங்களாம்மா? மூஞ்சி வராது. பாதம் மட்டும்தான்."

நின்றவர்கள் எல்லாம் சாமி கும்பிட வந்த வெளியூர்ப் பெண்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை தூக்கை என் கையில் கொடுத்தாள். "இத கீழ வெக்காத. வூட்ல வாயத் தொறக்காத" என்றாள். அவ்வளவுதான். கூடாரத்துக்குள் போனவள் பச்சைப் புடவையோடு வந்தாள். ஒரு பெண் உட்கார்ந்து அவள் பாதத்தைச் சுற்றி, டான்ஸ்காரர்கள் பூசுகிற சிவப்புச் சாயத்தைப் பூசிச் சலங்கை கட்டினாள்.

பிறகு பெட்டி பாடியது, அத்தை ஓடினாள். அவளுக்கு ஓடச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அவர்களுக்கு ஒரு தடவை வெயில் போதவில்லை, ஒரு தடவை புடவைக் கரை சரியில்லை, ஒரு தடவை ஒரு ஆடு குறுக்கே வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் கீழே இறங்கி வந்து மறுபடி ஓடினாள். முகம் படத்தில் வராது என்று சொல்லியும்கூட, ஓடும்போதெல்லாம் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். தூக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு மட்டும் அது தெரிந்தது.

மத்தியானம் எல்லோரும் இலையில் உட்கார்ந்தபோது உதவியாள் அத்தையிடம் காசை நீட்டினான். அத்தை வாங்கவில்லை. "அது வேணாங்க. பாட்ட ஒரே ஒரு வாட்டி முழுசாப் போடுங்க" என்றாள். பெட்டிக்காரருக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே, சத்தத்தைக் குறைத்து எங்கள் இரண்டு பேருக்காக முதலிலிருந்து கடைசிவரை போட்டார். திருத்தணியில் அந்தப் பாட்டின் முடிவைக் கேட்ட முதல் ஆட்கள் நாங்கள்தான். கீழே ஊர் இன்னும் தும்மலுக்குக் காத்திருந்தது.

அரைக்காத மிளகாயோடு வீட்டுக்கு வந்தோம். மில்லில் கரண்ட் இல்லை என்றாள் அத்தை. ஏன் விந்தி நடக்கிறாய் என்று கேட்டதற்கு, மில் வாசலில் கொட்டியிருந்த தணலை மிதித்துவிட்டேன் என்றாள். கரண்ட் இல்லாத மில்லில் யார் தணல் மூட்டினார்கள் என்று அம்மா கேட்கவில்லை. கற்றாழையை உரித்துக் கொடுத்தாள். அதை அத்தை பின்பக்கம் எடுத்துப்போய்த் தானே தடவிக்கொண்டாள். இரண்டு பாதத்திலும் கொப்புளம். அதைவிடப் பெரிய கவலை அந்தச் சிவப்பு. புளி போட்டுத் தேய்த்தாள், சீயக்காய் போட்டாள், மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தாள். மேலே போனது, விரலிடுக்கிலும் குதிகால் ஓரத்திலும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிப்பட்டுக்காரர்கள் வந்தார்கள். அத்தை தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். முட்டை மேல் நடக்கிற மாதிரி நடந்தாள். மாப்பிள்ளையின் அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தண்ணீர் கேட்டாள். தண்ணீர் வந்ததும் வெற்றிலை கேட்டாள். வெற்றிலை வந்ததும் என்னம்மா காலுக்கு என்றாள்.

"நெருப்ப மிதிச்சிட்டாங்க" என்றாள் அம்மா.

"ரெண்டு கால்லயுமா? எங்க, காட்டு, பாக்கலாம்" என்று அவள் குனிந்தாள்.

அத்தை காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். அந்தச் சிவப்பைக் கண்டால் என்ன கேள்வி வரும் என்பது அவளுக்குத் தெரியும். குனிந்தவள் நிமிர்ந்து தன் அம்மாவைப் பார்த்தாள். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தார்கள். தட்டிலிருந்த இனிப்பில் யாரும் கை வைக்கவில்லை. அதை எனக்கே கொடுத்துவிட்டார்கள் என்பதால் அந்த நாள் எனக்கு மோசமான நாளாகத் தோன்றவில்லை.

சொல்லி அனுப்பினார்கள். பெண்ணுக்குக் கால் ஊனம், மறைத்துக் கட்டிவைக்கப் பார்த்தார்கள் என்று. நைனா பஸ் ஏறிப் போய் அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். போன வேகத்தைவிட மெதுவாகத் திரும்பி வந்தார். கொப்புளம் ஆறி, அத்தை பழையபடி ஓட ஆரம்பித்து, ஊரில் எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் பள்ளிப்பட்டில் விசாரித்துவிட்டுத்தான் திருத்தணிக்கு வருவார்கள், அல்லது வராமலே இருந்துவிடுவார்கள். நைனா தறியில் உட்கார்ந்தால் அரைமணிக்கு ஒருதரம் எழுந்து தெருவைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

தீபாவளிக்குப் படம் வந்தது. அதற்கு முன்பே பாட்டு வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அது, காதுகுத்தில் அது, கல்யாணத்தில் அது, அரக்கோணம் ரயிலில் கண்தெரியாதவர் பாடிப் பிச்சை வாங்குவதும் அது. இன்றைக்கும் டிவியில் பழைய பாட்டு போட்டால் தவறாமல் வருகிறது, அந்தப் படியும் சலங்கைக் காலும். நாலைந்து வருஷத்துக்கு முன் அந்தக் கதாநாயகியே ஒரு பேட்டியில், திருத்தணிப் படியில் கால் கொப்புளித்துப்போக ஓடியதைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அத்தை, "பாவம், அந்தம்மாவுக்கும் கொஞ்சம் சுட்டுதுதான்" என்றாள். அத்தைக்குப் படம் வந்து சில வருஷங்களில் கல்யாணம் நடந்தது. அரக்கோணத்தில் ரயில்வே வேலையிலிருந்த, முதல் மனைவியை இழந்த ஒருவர். கால் சரியில்லை என்று கேள்விப்பட்டும் வந்தவர் என்று எங்கள் வீட்டில் அவருக்குத் தனி மரியாதை. மணவறையை அத்தை சுற்றி வந்த வேகத்தில் அவர்தான் பின்னால் தடுமாறினார்.

ஆனால் நான் சொல்ல வந்தது படம் வந்த சமயத்தில் நடந்தது. சினிமாவே பார்க்காத நைனா, நம்ம மலையைப் பிடித்திருக்கிறார்களாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தறியை நிறுத்திவிட்டு எங்களை மேட்னிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மலை தெரிந்ததும் கொட்டகையே கைதட்டியது. பிறகு அந்த இடம் வந்தது. திரை முழுக்க இரண்டு பாதங்கள், படிக்குப் படி தாவிக்கொண்டு. பின்னாலிருந்து யாரோ, "கால்னா இது கால்" என்று சத்தம் போட்டான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சொல்லவும் கூடாது, சொல்லாமலும் இருக்க முடியவில்லை. அத்தையின் முழங்கையைக் கிள்ளினேன். அவள் அசையவில்லை.

நைனா எழுந்து நின்றார்.

அத்தையின் இடதுகால் சுண்டுவிரல் பக்கத்து விரலின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். கைக்குழந்தையாக அவளைத் தோளில் வைத்துக்கொண்டு மலையேறிய நைனா இடறி விழுந்ததில் ஆனது அது. அந்த விரல் இப்போது ஒரு தலையணை அளவுக்குத் திரையில் தெரிந்தது. உட்காருய்யா, மறைக்குது என்று பின்னால் கத்தினார்கள். பாட்டு முடிகிறவரை அவர் நின்றுகொண்டேதான் இருந்தார்.

வீட்டுக்கு வந்து விளக்கு வைத்தபிறகு நைனா அத்தையைக் கூப்பிட்டார். அடி விழும் என்று நான் கதவோரம் போய் நின்றேன்.

"எத்தினி வாட்டி ஓட வெச்சாங்க?"

"எண்ணல அண்ணா."

"தண்ணி குடுத்தாங்களா?"

"ஆங். சோறுகூட போட்டாங்க."

நைனா எழுந்து கொடியிலிருந்து சட்டையை எடுத்தார். பள்ளிப்பட்டு பஸ் இன்னும் இருக்கிறது, போய் என் தங்கச்சி நொண்டி இல்லை, சந்தேகமிருந்தால் கொட்டகைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வருகிறேன் என்றார். அம்மா தடுக்கவில்லை. அத்தைதான் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"வேணாம் அண்ணா. நொண்டின்னே இருக்கட்டும்."

"ஏம்மா?"

"நொண்டின்னா என் ஒருத்தியத்தான் சொல்வாங்க. சினிமால ஆடினவன்னா இந்த வூட்டயே சொல்வாங்க." என் தலையில் கை வைத்தாள். "நாளைக்கு இவளுக்கும் பாக்கணும் இல்ல."

நைனா சட்டையைக் கழற்றாமல், பட்டனும் போடாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முகம் கழுவி, பவுடர் பூசி, பட்டுப்பாவாடையைக் கட்டிக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். நைனா தறியிலிருந்து எழுந்து வந்து எங்கே கிளம்பியிருக்கிறாய் என்று கேட்டார்.

"எனக்கும் பாக்கணும்னு அத்தை சொன்னாங்க இல்ல, நாளைக்கு. அந்தப் படம்தான்."

உள்ளே ராட்டினம் நின்றது. நைனா என்னையே பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, என்னை மட்டும் முதல் ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். முந்தின நாள் பார்த்த படத்தை மறுநாளே காட்டுகிற தகப்பன் எங்கள் தெருவில் வேறு யாருக்கும் இல்லை என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பாட்டு வந்தது, படி வந்தது, பாதங்கள் வந்தன. அது அத்தை கால் என்று இப்போதாவது வாய்விட்டுச் சொல்லலாம் என்று அவர் பக்கம் திரும்பினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. பெஞ்சிலிருந்து தரையைத் தொடாமல் தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்த என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் கழுவ மறந்துவிட்டோமே என்று நான் அவற்றைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டேன்.