தொட்டுக் காட்டுங்கோ, தம்பி

லண்டன் செவன் கிங்ஸில் சிவமலரிடம் விற்க முடியாத பொருள் என்று ஒன்று கிடையாது. கதவைத் தட்டி, சிரித்து, "எப்படி இருக்கிறீர்கள் மேடம்" என்று ஒருவன் கேட்டுவிட்டால் போதும், பாதி வியாபாரம் முடிந்துவிடும். அந்த வீட்டில் தண்ணீர் வடிகட்டி இரண்டு இருக்கிறது. சுடுதண்ணிப் பொயிலருக்கு இரண்டு இடத்தில் காப்புறுதி கட்டுகிறாள். ஒரு பொயிலர்தான் இருக்கிறது.

இத்தனைக்கும் அவள் பயந்த பெண் அல்ல. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள். தட்டை எறிகிற பிள்ளையை ஒரு பார்வையில் உட்கார வைப்பாள். சண்டைக்கு வருகிறவனைச் சமாளித்துவிடுவாள். இனிக்கப் பேசுகிறவனிடம்தான் வாயடைத்துப் போவாள். "கள்ளன் வந்தாலும் நீர் தேத்தண்ணி குடுத்துத்தான் அனுப்புவீர்" என்று கணவர் சபாரத்தினம் சொல்லிச் சிரிப்பார்.

அதெல்லாம் அவர் சிரித்த காலத்தில். லண்டன் பஸ் ஓட்டிய மனிதர் அவர். குடலில் கட்டி வந்து, வெட்டி, மலம் சேர வயிற்றில் ஒரு பையைப் பொருத்தி அனுப்பினார்கள். அதன் பிறகு ஜன்னலோரக் கதிரையே கதி என்று ஆகிவிட்டார். இரண்டு வருடமாக ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போனதில்லை. கலியாண வீடு, கோயில் திருவிழா, உயிர்ச் சிநேகிதனின் செத்த வீடு, ஒன்றுக்கும் போகவில்லை. "பை நிறைஞ்சா நான் எங்கை போறது?" என்பார். "ராகுகாலத்தில கொண்டுபோய் வெட்டினவங்கள். அதுதான் இப்பிடி" என்று இன்னொன்றும் சொல்வார். காலையில் செய்யவேண்டிய ஒப்பரேசனை டொக்டர்மார் பிந்திப்போட்டது உண்மை. அந்த நேரம் ராகுகாலமாக இருந்ததும் உண்மை. அதையே பிடித்துக்கொண்டு இருந்தார்.

ஒருநாள் எதிர்வீட்டு வாசலில் யாரோ விருந்தாளியின் மோட்டர்ஹோம், ஓடுகிற வீடு மாதிரி ஒரு வண்டி, வந்து நின்றது. அன்று முழுக்க ஜன்னலால் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், இரவு சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னார்.

"அதுக்குள்ள கக்கூஸ் இருக்காம். கழுவ, குளிக்க எல்லாம் ஏலுமாம்."

சிவமலர் கோப்பையைக் கீழே வைத்தாள். இரண்டு வருடத்தில் அந்த மனிதர் ஆசையாகச் சொன்ன முதல் சொல் அது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவருடைய பென்சனில் ஒருமித்து எடுத்த காசும் அவளுடைய சீட்டுக் காசும் கிடந்தன. அப்படி ஒன்று வாங்குவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

ஏ13 வீதியோரம் இருந்த மோட்டர்ஹோம் விற்பனை நிலையத்தில் அனுசன் என்ற விற்பனையாளன் இருந்தான். முப்பது வயது இருக்கும், இல்ஃபோர்டில் பிறந்த பிள்ளை. "வாங்கோ அன்ரி" என்று தமிழில் கூப்பிட்டான். அத்தோடு எல்லாம் முடிந்தது. நான் கேட்கிறேன், வண்டி வாங்கப் போகிற இடத்துக்கு ஒருத்தி ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போவாளா? சிவமலர் போனாள். போனதோடு விட்டாளா? கணவரின் வருத்தம், வயிற்றுப் பை, சீட்டு எடுத்த கதை என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். வண்டி எடுக்கிற வெள்ளிக்கிழமை, லண்டன் கோடைக் கணக்கில், பதினொரு மணிக்கு ராகுகாலம் தொடங்குகிறது, அதற்கு முன் சாவி கைக்கு வராவிட்டால் அவர் வண்டியில் ஏறவே மாட்டார் என்பதையும் சொன்னாள். ஒரு வியாபாரியிடம் ஒளிக்கவேண்டியது எதுவோ, அதையெல்லாம் தேடித் தேடிச் சொல்லிக் கொடுத்தாள்.

விலையை மட்டும் ஒரே ஒரு தடவை கேட்டாள். "எல்லாம் சேர்த்துத்தானே தம்பி?"

"ஓம் அன்ரி, எல்லாம் சேர்த்துத்தான். ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

அதை எழுதித் தா என்று வெள்ளைக்காரனிடம் கேட்டிருப்பாள். எங்கட பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? அவன் மனம் நோகாதா? இப்படி நினைத்துத்தான் எங்கள் சனம் கெட்டுப்போகிறது. அட்வான்ஸ் ஐயாயிரம் பவுண்சைக் கட்டிவிட்டு, அவன் நீட்டிய இடத்தில் கையெழுத்தும் வைத்துவிட்டு வந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. சபாரத்தினம் விடியமுன் எழும்பி முகம் வழித்தார். பழைய பஸ் கம்பனி ஜாக்கெட்டைப் போட்டார். டாக்சியில் வயிற்றை ஒரு கையால் பொத்திக்கொண்டு வந்தார். சிவமலரின் பையில் நாலு எலுமிச்சம்பழமும் கற்பூரமும் இருந்தன.

முற்றத்தில் வண்டி கழுவி நிறுத்தப்பட்டிருந்தது. அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு உள்ளே ஏறி, அந்தச் சின்னக் கழிவறைக் கதவைத் திறந்து மூடினார். திறந்து மூடினார். குழாயைத் திருக, தண்ணீர் வந்தது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிவமலர் அலுவலகத்துக்குள் போனாள்.

அனுசன் மேசையில் ஒரு தாளை வைத்தான். அடியில் இருந்த தொகை அவள் அறிந்த தொகை அல்ல. நாலாயிரம் பவுண்சுக்குக் கிட்ட அதிகமாக இருந்தது.

"இதென்ன தம்பி?"

"அது வழமையான சார்ஜஸ்தான் அன்ரி. எல்லாருக்கும் உள்ளதுதான்." தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த கூலி, பரிசோதனைக் கட்டணம், ஒப்படைக்கும் கட்டணம், பத்திரக் கட்டணம், பெயின்ற் பாதுகாப்பு, பட்டரி, காஸ் சிலிண்டர் என்று தாளில் விரலை ஓட்டிக்கொண்டே போனான். பரிமாறுகிறவன் பந்தியில் நடக்கிற வேகத்தில் போனான்.

"எல்லாம் சேர்த்து எண்டுதானே நீங்கள் சொன்னீங்கள்?"

"வண்டிக்கு எல்லாம் சேர்த்துத்தான் அன்ரி. இது வேற."

வண்டி விலையின் மீதி போக அவளிடம் இருந்தது வண்டியின் காப்புறுதிக்கும் டீசலுக்கும் மட்டும் காணும். அதை இங்கே கொடுத்துவிட்டால் புது வண்டி வீட்டு வாசலில் சும்மா நிற்கும், அவர் ஜன்னலோரம் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கொடுக்காமல் எழும்பினால் அட்வான்ஸ் போகும், வண்டியும் போகும், அவர் திரும்பவும் அந்தக் கதிரையில் போய் இருப்பார். இனிமேல் ஒன்றுக்கும் ஆசைப்படவே மாட்டார். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"கொஞ்சம் குறைக்க ஏலாதோ, தம்பி?"

"மனேஜர் விடமாட்டார் அன்ரி. என்ர கையில ஒண்டும் இல்லை." அனுசன் பேனாவைத் திறந்து தாளின் மேல் வைத்தான். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, பாசமாக, ஒரு மகன் சொல்வதுபோல் சொன்னான். "ராகுகாலம் தொடங்கப்போகுது. அங்கிள் பாவம். கெதியா சைன் பண்ணுங்கோ."

சிவமலர் பேனாவைக் கையில் எடுத்துவிட்டாள். எடுத்தவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். இவனுக்கு ராகுகாலத்தைப் பற்றி என்ன கவலை? கவலை இல்லை. அவள் கொடுத்த கயிறு அது. ரோல்ஸோடு சேர்த்து அவளே கொண்டுவந்து கொடுத்த கயிறு, இப்போது அவள் கழுத்தில் கிடக்கிறது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குப் பின்னால் கோபம் வந்தது, நல்ல கோபம்.

பேனாவை மூடி வைத்தாள்.

"தொடங்கட்டும்" என்றாள்.

"அன்ரி?"

"ராகுகாலம் தொடங்கட்டும் தம்பி. எனக்கு அவசரம் இல்லை. இதில எழுதியிருக்கிறதை எனக்கு ஒவ்வொண்டாக் காட்டுங்கோ. வண்டியடிக்கு வாங்கோ."

முற்றத்துக்கு இறங்கி நடந்தாள். வேறு வழியில்லாமல் அனுசன் தாளோடு பின்னால் வந்தான். சபாரத்தினம் இப்போது ஓட்டுநர் ஆசனத்தில் இருந்தார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

"பட்டரி எங்கை? தொட்டுக் காட்டுங்கோ, தம்பி."

ஆசனத்துக்குக் கீழே இருந்த மூடியைத் திறந்து காட்டினான். அவளும் தொட்டுப் பார்த்தாள். "சரி. இது சாமான். இதுக்குக் காசு தருவன்." காஸ் சிலிண்டரையும் தொட்டாள். "இதுக்கும் தருவன். பெயின்ற் பாதுகாப்பு எங்கை?"

அவன் வண்டியின் பக்கவாட்டில் கையை வைத்தான். "இது பூசினது, அன்ரி."

"எப்ப பூசினது?"

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

"ஒப்படைக்கிற கட்டணம் எங்கை? அதையும் தொட்டுக் காட்டுங்கோ. சாவியை என்ர கையில வைக்கிறதுக்கோ காசு?"

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலும், மனேஜர் வெளியே வந்துவிட்டார். உயரமான வெள்ளைக்காரர், நல்ல மரியாதையான மனிதர். சிவமலர் விழுகிற குழியே அதுதானே. அவர் சிரித்தார், மேடம் என்றார், இது நிறுவனத்தின் நடைமுறை என்றார், விருப்பம் இல்லாவிட்டால் வேறு ஆள் காத்திருப்பதாகவும் மிகவும் வருத்தத்தோடு சொன்னார். இன்னும் ஒரு மேடம் சொல்லியிருந்தால் கையெழுத்து வைத்திருப்பாள்.

சபாரத்தினம் கண்ணாடியை இறக்கினார். "என்னப்பா பிரச்சினை?"

"சொல்லாத காசு கேக்கினம். நான் குடுக்கேல்லை. ராகுகாலமும் தொடங்கிட்டுது."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். இறங்கப் போகிறார் என்று நினைத்து அவள் கையை நீட்டினாள். அவர் இறங்கவில்லை. எழும்பிப் பின்பக்கம் போய், அந்தச் சின்னக் கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் ஓடுகிற சத்தம் முற்றத்தில் நின்ற மூன்று பேருக்கும் கேட்டது.

மனேஜரின் சிரிப்பு நின்றுவிட்டது. காத்திருக்கிற வேறு ஆளுக்குப் புது வண்டி என்று இதை இனிக் கொடுப்பது கஷ்டம்.

சபாரத்தினம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரும்பவும் ஓட்டுநர் ஆசனத்தில் அமர்ந்தார். "நீர் அவங்களோட கதையும், மலர்" என்றார். "நான் இறங்கேல்லை."

அந்தச் சொல் போதுமாக இருந்தது. சிவமலர் மனேஜரிடம் திரும்பி, தனக்குத் தெரிந்த சமையலறை ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். விலையைக் கேட்டபோது எல்லாம் சேர்த்துத்தான் என்று உங்கள் ஆள் எனக்கு வாக்குத் தந்தார், அதை நம்பித்தான் அட்வான்ஸ் கட்டினேன், சந்தேகம் என்றால் இவரையே கேளுங்கள் என்றாள். பிறகு அனுசனைப் பார்த்துத் தமிழில் கேட்டாள்.

"சொன்னனீங்களோ இல்லையோ, தம்பி? இல்லையெண்டால் இல்லையெண்டு என்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. நான் போயிடுவன்."

அனுசன் தாளை மடித்தான். வண்டிக்குள் பஸ் ஜாக்கெட்டோடு இருக்கிற மனிதரைப் பார்த்தான். மனேஜரைப் பார்க்கவில்லை. அவனுக்கும் வீட்டுக் கடன் இருக்கும், பிள்ளை இருக்கும், இந்தக் காசில் அவனுக்கும் ஒரு பங்கு இருக்கும். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் எல்லாம் தப்பும்.

"சொன்னனான்" என்றான். பிறகு அதையே மனேஜருக்கு ஆங்கிலத்திலும் சொன்னான்.

மனேஜர் அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கண்ணாடிக்கு அப்பால் அவருடைய கை மேலும் கீழும் போவது தெரிந்தது. திரும்பி வந்த தாளில் பட்டரிக்கும் சிலிண்டருக்கும் மட்டும் காசு இருந்தது, மற்றதெல்லாம் வெட்டப்பட்டிருந்தது. சிவமலர் அந்தத் தாளை அடிமுதல் முடிவரை வாசித்தாள். மனேஜர் கையெழுத்து வைத்து முடிந்த பிறகுதான் தான் வைத்தாள். அங்கேயே நின்று வங்கிக்கும் காப்புறுதிக்கும் போன் எடுத்து முடித்தாள்.

அனுசன் சாவியைக் கொண்டுவந்து நீட்டினான். காதெல்லாம் சிவந்திருந்தது. "அன்ரி, அடுத்தமுறை ஆரிட்டை வாங்கினாலும் முதல் எழுதி வாங்குங்கோ" என்றான். அவளுக்கு அவன்மேல் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. சாவியை வாங்கிக்கொண்டாள்.

மணிக்கூட்டைப் பார்த்தாள். ராகுகாலத்தின் நட்டநடு நேரம். சாவியைக் கணவரிடம் கொடுக்கக் கை கூசியது.

"ஒரு மணிக்கு முடிஞ்சிடும். அதுவரைக்கும் இதிலேயே நிப்பமோ?"

சபாரத்தினம் அவள் கையிலிருந்து சாவியை எடுத்தார். "என்னை வெட்டினதும் ராகுகாலத்திலதான்" என்றார். "ரண்டு வருசமா அதைத்தானே சொல்லிக்கொண்டு இருக்கிறன். ஆனா நான் இருக்கிறன்தானே, மலர். பழத்தை வைச்சிட்டு ஏறும்."

சிவமலர் குனிந்து நாலு சில்லுக்கு முன்னாலும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்தாள். கண்ணீர் கண்ணை மறைத்ததில் ஒன்று உருண்டு போய்விட்டது, அதைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்து வைத்தாள். பிறகு சுற்றிப் போய், அவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.