பதிந்து தொங்கிய கதிரை

“சமாளிக்கலாம்” என்ற சொல்லைக் கேட்டால் இப்போது எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறுகிறது. இத்தனை வருடமும் அந்தச் சொல்லை வைத்துத்தான் நான் சோறு தின்றேன் என்பது வேறு கதை. போரில் பாதை மூடி, சாமான் எதுவும் உள்ளே வராத காலத்தில் வன்னியில் வெல்டிங் பழகியவன் நான். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். இல்லாத பாகத்தை இருக்கிற இரும்பில் செய்தோம். அப்போது அது கெட்டித்தனம். மல்லாவிக் கடைகளில் எல்லாம் வாங்கக் கிடைக்கிற இன்றைக்கும் அதையே செய்துகொண்டிருப்பதற்கு என்ன பெயர் என்று யாராவது சொல்லட்டும்.

கோயில் திருவிழாவுக்கு வழக்கமாக வருகிற இராட்டினம் இந்த முறையும் வந்தது. நடுவில் ஒரு தூண், அதன் தலையில் சுற்றும் பெரிய சில்லு, சில்லிலிருந்து நீளும் பன்னிரண்டு கைகள், ஒவ்வொரு கையிலும் சங்கிலியில் தொங்கும் கதிரை. கையையும் சங்கிலியையும் சேர்த்துப் பிடிப்பது விரல் நீள ஆணி ஒன்றுதான். இராட்டினம் நிற்கும்போது கதிரையும் பிள்ளையும் மட்டும்தான் அதற்குப் பாரம். சுற்றத் தொடங்கினால் கதிரை வெளியே இழுக்கும். வேகம் கூடக் கூட ஆணி தாங்க வேண்டியதும் கூடும்.

என் மகளுக்கு எட்டு வயது. போன வருடம் உயரம் காணாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து குசினிச் சுவரில் கோடு கீறித் தன்னை அளந்துகொண்டே இருந்தாள். பின்னேரம் நாலு மணிக்கு வரிசையில் முதல் ஆளாக நின்று, உள்ளே ஓடி, ஒவ்வொரு கதிரையாக எட்டிப் பார்த்து, தானாக ஏறக்கூடிய ஒன்றைக் கண்டுபிடித்து ஏறி இருந்தாள். மற்றவற்றைவிட அது ஒரு விரல் கீழே பதிந்து தொங்கியது.

அந்த ஒரு விரல் என் கண்ணில் குத்தியது. ஒரே அளவில் செய்த சங்கிலி தானாக நீளாது. எங்கேயோ தேய்ந்திருக்க வேண்டும்.

“நிப்பாட்டுங்கோ! பிள்ளையை இறக்குங்கோ!” என்று கத்தினேன்.

“இவருக்கு என்ன விசரோ?” என்றார் வரிசையில் நின்ற ஒரு அம்மா. இராட்டினக்காரர் சுவிட்சில் வைத்த கையை எடுக்கவில்லை. “அண்ணை, அது சமாளிக்கும்” என்றார்.

அவரைத் தள்ளிவிட்டு மகளைத் தூக்கி இறக்கினேன். ஏணியைச் சாத்தி ஏறினேன். ஆணி நடுவில் பாதியாகத் தேய்ந்து, கீழே வளைந்திருந்தது. கொங்கிறீட் கம்பியில் வெட்டிய ஆணி. தலைக்கு ஒரு சைக்கிள் நட்டு ஒட்டப்பட்டிருந்தது. இந்தப் பக்கத்தில் ஆணிக்குச் சைக்கிள் நட்டில் தலை வைப்பவன் ஒருவன்தான். நான்தான்.

“உங்கட வேலைதானே அண்ணை” என்றார் அவர் கீழே நின்று, என்னைப் பாராட்டுகிற முகத்தோடு. “ஆறு வருசம்! ஒண்டும் நடக்கேல்லயே.”

எனக்கு நினைவு வந்தது. ஆறு வருடத்துக்கு முன், திருவிழா தொடங்குகிற அவசரத்தில் உடைந்த ஆணியோடு ஓடி வந்தார். கடையில் வாங்கச் சொல்லியிருக்கலாம். நானோ, “இந்தத் திருவிழா சமாளிக்கும், பிறகு மாத்துங்கோ” என்று அரை மணித்தியாலத்தில் அடித்துக் கொடுத்தேன். அவர் மாற்றவில்லை. நானும் கேட்கவில்லை. போன வருடம் மகளோடு இதே இடத்தில் நின்றபோது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மற்றப் பதினொன்றையும் ஏறிப் பார்த்தேன். எல்லாம் கடை ஆணி. ஒன்றும் தேயவில்லை.

இறங்கி வந்து அவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஆறு வருடம் எத்தனை பிள்ளைகளை இதில் ஏற்றினாய் என்று கேட்டேன். கேட்கக் கேட்க அவர் ஒன்றும் விளங்காதவராக நின்றார். அதில் இன்னும் கோபம் வந்தது. கடைசியில் சொன்னார்: “சரி அண்ணை, அப்ப புதுசா ஒண்டு அடிச்சுத் தாங்கோவன்.”

“செத்தாலும் அடிக்கமாட்டன். கடையில வாங்கு!”

அந்தக் கதிரையையும், பாரம் சமனாக இருக்க அதற்கு எதிரே இருந்ததையும் கழற்றி வைத்துவிட்டு இராட்டினத்தை ஓட்டினார்கள். மகளை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. அவளும் வேறு கதிரை கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளில் எனக்கு முன்னால் இருந்து பாதி வழிவரை அழுதாள். பிறகு நான் கழற்றிக்கொண்டு வந்த அந்த ஆணியை என் சட்டைப் பையிலிருந்து எடுத்து, தேய்ந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

“உடையேல்லத்தானே அப்பா,” என்றாள். “இன்னும் ஒரு சுத்துச் சமாளிச்சிருக்கும்.”

வண்டியை வீதிக்கரையில் நிறுத்திவிட்டேன். ஏச வாய் திறந்தேன். அந்தச் சொல்லை அவள் வேறு யாரிடமும் பழகவில்லை.