கட்டிலுக்கு மேல் பிள்ளையார் குடை

வானகரத்தில் என் மகள் புது ஃப்ளாட் வாங்கியிருக்கிறாள். வீட்டை அலங்காரம் செய்து தர ஓர் அம்மணி வந்தார். ஹாலின் மேல்தளத்திலிருந்து ஐந்து பிள்ளையார் குடைகளைத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பல்பு வைத்துவிட்டு, "இதுதான் அங்கிள் இப்போ புது ஸ்டைல்" என்றார். நான் சிரித்துக்கொண்டேன். ஐந்தாம் வகுப்பைக்கூட முழுசாக முடிக்காத ஆள் நான். ஆனாலும் இந்த ஸ்டைலை அம்பத்தூர்ப் பக்கம் முதன்முதலில் கண்டுபிடித்தவன் அடியேன்தான். நம்பாவிட்டால் என் வீட்டுக்காரி கஸ்தூரியைக் கேளுங்கள். அவள் வேறு மாதிரி சொல்வாள். அதனால் முதலில் நான் சொல்வதைக் கேட்டுவிடுங்கள்.

குடைக்குப் பக்கத்தில் போய் மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. துணிக் குடை. அந்தக் காலத்துக் குடை மூங்கில் குச்சியும் கலர் பேப்பரும் ஜிகினாவும் மைதாப் பசையும் சேர்ந்தது. அந்தப் பசைக்கு லேசாகப் புளித்த ஒரு வாசனை உண்டு. கரப்பான் பூச்சிக்கு அது விருந்து. எனக்கு அந்த வாசனை வந்தால் என் மாமனார் என் பெண்டாட்டியை அனுப்பாமல் வைத்திருந்த ஆவணி மாதம் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

எண்பத்தைந்தோ எண்பத்தாறோ இருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். கட்டை விரலால் தடவியே இரும்பு எத்தனை மயிரிழை அதிகம் என்று சொல்லிவிடுவேன். பிற்காலத்தில் சொந்தப் பட்டறை வைத்து பன்னிரண்டு பேருக்குச் சோறு போட்டதெல்லாம் இந்த விரலை வைத்துத்தான். அது வேறு கதை, விடுங்கள். கஸ்தூரியின் அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. அரக்கோணத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். அந்தக் குவார்ட்டர்ஸை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வேப்பமரம்கூட அங்கே வரிசையில்தான் நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்த பெண்ணைப் பார்க்கப் போனபோது, "அம்பத்தூர்ல தனி வீடு எடுத்திருக்கேன் மாமா" என்று சொல்லியிருந்தேன். பொய் இல்லை. எருமைக் கொட்டகைக்குப் பக்கத்தில் அது தனியாகத்தான் இருந்தது. கூரையைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சிமெண்ட் ஷீட்டுக் கூரை. போல்ட்டு ஓட்டைகள் வழியாகப் பகலிலேயே நட்சத்திரம் தெரியும். வைகாசியில் கல்யாணம். ஒரு மாதம் கஸ்தூரி அந்த வீட்டில் வாய் திறக்காமல் குடித்தனம் செய்தாள். ஆடி பிறந்ததும் வழக்கப்படி அவள் அப்பா வந்து ஆவடிக்கு அழைத்துப் போனார். ஆவணி பிறந்தது. பெண் வரவில்லை. வாழைப்பழச் சீப்போடு நான் ஆவடிக்குப் போனேன்.

"அனுப்ப மாட்டேன்னு சொல்லல மாப்ள" என்றார் மாமனார். "சோத்துல மேல இருந்து தூசி கொட்டுதாமே. வர ஞாயித்துக்கெழம நானே வந்து ஊட்டப் பாக்குறேன். பாத்துட்டுச் சொல்றேன்."

கஸ்தூரி கதவுக்குப் பின்னால் நின்றாள். அவள் மனசில் என்ன இருக்கிறது என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரயிலில் திரும்பி வரும்போது அதுதான் என்னை அரித்தது. அப்பா வேண்டாம் என்றால் இவளும் வேண்டாம் என்றுவிடுவாளோ?

புதுக் கூரை போட வக்கில்லை. இருக்கிற கூரையை மறைக்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளையார் சதுர்த்தி முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. பிள்ளையார்களெல்லாம் கிணற்றுக்குள் போய்விட்டார்கள். குடைகள் மட்டும் ஜன்னல் கம்பியிலும் சைக்கிள் ஹேண்டில்பாரிலும் செருகிக் கிடந்தன. எங்கள் தெருவில் பண்டிகைச் சாமான் எதுவுமே வீணாகாது. ஆயுத பூஜைக்குப் பட்டறையில் கட்டிய ஜிகினாத் தோரணம் என் வீட்டு வாசலில் அடுத்த ஆயுத பூஜை வரை திரைச்சீலையாகத் தொங்கும். ஒரு வீட்டில் கொலுப் பலகை, நவராத்திரி போக மீதி நாளெல்லாம் மளிகை டப்பா அடுக்குகிற பலகை. ஆனால் குடையால் கூரையை மறைக்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது.

வீடு வீடாகப் போய்க் கேட்டேன். எருமை வளர்க்கும் தனம் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னாபா, சாமி கொடைய இட்டுகினு போய் கட்லு மேல தொங்கவுடப் போறியா? கண்ண குத்தும்பா."

"புள்ளையாரு கெணத்துக்குள்ள கீறாருக்கா. முழுசா நனஞ்சவருக்குக் கொட இன்னாத்துக்கு?"

அக்கா சிரித்துக்கொண்டே இரண்டு கொடுத்தாள். மொத்தம் பதினெட்டு தேறியது. காம்பை மேலே கட்டினேன். குடையெல்லாம் கவிழாமல், வானம் பார்த்து விரிந்த தாமரை மாதிரி தொங்கின. ஷீட்டு கண்ணுக்கே தெரியவில்லை. நானே பிரமித்துப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். நான் முதலில் பார்த்தது கஸ்தூரியின் கையைத்தான். பெட்டி இல்லை. ஓர் ஒயர்க் கூடை, அதில் டிபன் கேரியர். அப்படியென்றால் தங்க வரவில்லை. மாமனாரைக் கட்டிலில், எல்லாவற்றிலும் பெரிய சிவப்புக் குடைக்கு நேர் கீழே உட்கார வைத்தேன். அவர் அண்ணாந்து பார்த்தார்.

"பரவால்ல மாப்ள. தேருக்குள்ள ஒக்காந்த மாதிரி கீது."

அப்போதுதான் மழை பிடித்தது. ஆவணி மழை, சொல்லாமல் வந்தது. ஷீட்டு மேல் தடதடவென்று சத்தம். அதை மறைக்க நான் பெரிய குரலில், எதிர்காலத்தில் வைக்கப்போகும் பட்டறையைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். கண் மட்டும் மேலேயே இருந்தது. சிவப்புக் குடைக்கு மெதுவாகத் தொப்பை விழுந்துகொண்டிருந்தது. கஸ்தூரியும் அதைப் பார்த்துவிட்டாள்.

"அப்பா, கொஞ்சம் இப்பிடி தள்ளி ஒக்காருங்க."

"ஏம்மா? இங்கியே சௌரியமாத்தான் கீது."

"தள்ளுங்கப்பான்னா."

"மாப்ள முக்கியமான விஷயம் பேசிகினு கீறாரு, நீ வேற..."

குடை பிய்ந்தது. ஒரு குடம் சிவப்புத் தண்ணீர் அப்படியே அவர் தலையில் இறங்கியது. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி எல்லாம் ஹோலி. மீசையில் ஒரு ஜிகினாத் துண்டு ஒட்டிக்கொண்டு மின்னியது. பட்டறை, விரல், தைரியம் எல்லாம் என்னை விட்டுப் போய்விட்டன. எழுந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போகப்போகிறார் என்று நின்றேன்.

கஸ்தூரி அவசரமாகக் கூடையிலிருந்து டிபன் கேரியரைத் தூக்கி வெளியே வைத்தாள். துண்டு தேடி உள்ளே கை விட்டாள். துண்டோடு சேர்ந்து வீட்டில் கட்டுகிற சேலை ஒன்று வந்தது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் அவளுடைய சீப்பு.

மாமனார் அந்தச் சீப்பையே பார்த்தார்.

"அப்ப முடிவு பண்ணிட்டுத்தான் வந்துகீற."

"உங்களுக்குத் துண்டு வேணுமா, வாணாமா?"

வாங்கித் துடைத்துக்கொண்டார். "குளிச்சாச்சி. சோத்தப் போடு" என்றார். என் சட்டை அவருக்குப் பொத்தான் போட வரவில்லை. திறந்த மார்போடு சாப்பிட்டுவிட்டு, அந்தக் கோலத்திலேயே மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு ரயிலேறினார்.

அவர் போனதும் கஸ்தூரி முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். "மழைக்குக் கொடையத் தலைகீழாப் புடிக்கிற ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றாள். மீதிக் குடைகளையெல்லாம் கழற்றி, பால் கவரை வெட்டி மேலே தைத்து, சுவர்ப் பக்கம் சரிவாகக் கவிழ்த்துக் கட்டினாள். அதன் பிறகு கட்டிலில் ஒரு சொட்டு விழவில்லை. தண்ணீர் குடை மேல் ஓடி, மூலையில் வைத்த வாளியில் இறங்கும். கண்டுபிடிப்பு என்னுடையது. வேலை செய்யும்படி ஆக்கியது மட்டும் அவள்.

மாமனார்தான் ஆச்சரியம். ஒவ்வொரு சதுர்த்திக்கும் குவார்ட்டர்ஸ் முழுக்க வசூல் செய்து, கட்டுக் கட்டாகக் குடையோடு வந்து இறங்குவார். "சேப்பு மட்டும் எனக்கு நேரா வாணாம் மாப்ள" என்பார். கிழிந்ததை மாற்றி மாற்றி ஏழெட்டு வருஷம் அந்தக் கூரைக்குக் கீழே சிவப்பும் பச்சையுமாகத்தான் வாழ்ந்தோம். என் மகள் தொட்டிலில் படுத்துக் கையைக் காலை ஆட்டிச் சிரித்தது அந்தக் குடைகளைப் பார்த்துத்தான். அவளுக்கு அது ஞாபகம் இல்லை.

தொண்ணூறுகளில் சொந்தமாகக் காங்கிரீட் வீடு கட்டினேன். அந்தக் குடைகளை மாட்ட அங்கே கொக்கியே வைக்கவில்லை. மாமனாரும் இப்போது இல்லை. எருமைக் கொட்டகை இருந்த இடத்தில் நாலு மாடி நிற்கிறது. மகள் வீட்டில் அந்த அம்மணி போனதும் கஸ்தூரி முட்டியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்து, "பரவால்ல, கவுத்துதான் கட்டிகீறாங்க" என்று என் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

காங்கிரீட் வீட்டுக்குப் போன புதிதில் பெய்த முதல் மழை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பழக்கத்தில் அவள் வாளியை எடுத்துக்கொண்டு வந்து கட்டில் ஓரம் மூலையில் வைத்தாள். இருவரும் உட்கார்ந்து காத்திருந்தோம். வெளியே நல்ல மழை. உள்ளே சத்தமே இல்லை.

"ஒண்ணுமே வரலியேங்க" என்றாள், வருவதாகச் சொன்ன விருந்தாளி வராமல் போன மாதிரி.