கொம்பில் கட்டிய தகடு

மார்க்கையன்கோட்டைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் கோட்டைச்சாமி, பழைய ஜெர்மானிய மொழிகளை எழுதிய ரூன் எழுத்தைப் பதினோரு வருஷமாகத் தபாலில் புத்தகம் தருவித்துப் படித்து வந்தவர். டென்மார்க்கில் கிடைத்த ஒரு பொன் கொம்பில் இருந்த வரிதான் அவருக்கு உயிர்.

1938-ல் ஒருநாள் அந்த வரி செப்புத் தகட்டில் ஏறி, பக்கத்து வீட்டுக் கருத்தக்கண்ணனின் காளைக் கொம்பில் தொங்கியது.

“உங்க நோட்டப் பாத்துத்தான் வெட்டச் சொன்னேன் வாத்தியாரய்யா. கட்டுன மறுநாளே காளைக்குக் கழிச்சல் நின்னுபோச்சு.”

கோட்டைச்சாமி தகட்டைத் திருப்பிப் பார்த்தார். “அது மந்திரமில்லப்பா. இந்தக் கொம்ப நான் செஞ்சேன்னு ஒரு ஆசாரி தன் பேரப் போட்டு எழுதிருக்கான். அம்புட்டுத்தான்.”

“அப்படித்தான் சொல்லுவீக. வெளிய சொன்னாப் பலிக்காதுல்ல.”

படிக்காத சனத்திடம் என்னத்தைப் பேச என்று காறித் துப்பிவிட்டு வீட்டுக்கு வந்தார். ஆறு மாதமாக எதிர்பார்த்த ஜெர்மன் பத்திரிகை வந்திருந்தது. அந்தக் கொம்பு வரியின் ஒலிகளைப் பற்றிப் பெரிய புரொபசர் ஒருவர் எழுதுவதாக இருந்த இதழ். அகராதியோடு உட்கார்ந்தார். ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த எழுத்துக்களில் தங்கள் ஜெர்மன் இனத்தின் ரத்தசக்தி அடங்கியிருக்கிறதாம்; பட்டாளத்தான் சட்டைக் காலரில் தைத்துக்கொண்டால் வீரம் வருமாம்; வேறு ரத்தக்காரனுக்கு அது விளங்கவே விளங்காதாம்.

சாப்பிடக் கூப்பிட வந்த மனைவி ஜக்கம்மா, அவர் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டாள்.

“கருத்தக்கண்ணன் மாட்டுக்குக் கட்டுனான். இந்தப் படிச்ச நாய்க மனுசனுக்குக் கட்டுதுக,” என்று பத்திரிகையை வெந்நீர் அடுப்பில் செருகினார். “காளையாவது தலைய ஒதறி ஒதறித் தகட்டக் கழத்தப் பாக்குது. அங்கன ஒருத்தனும் ஒதறக் காணோம்.”