தோல் வாருக்காக ஒரு மாடு

எங்கள் வீட்டு போர்டிகோவில் பத்து நாளாக ஒரு மாடு நிற்கிறது. அசல் காங்கேயம். அது ஸ்கூட்டர் நின்ற இடம். ஸ்கூட்டர் இப்போது தெருவில் நிற்கிறது. தபால்காரர் கேட்டுக்கு வெளியே நின்றபடியே கடிதங்களை வீசிவிட்டுப் போகிறார். மனைவியின் ரோஜாச் செடிகளில் குச்சி மட்டும் பாக்கி.

எப்படி வந்தது? சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் கிறுக்கு உங்களுக்குத் தெரியும் — போன நூற்றாண்டுச் சிப்பாய்களின் தோல் சாமான்கள். தோட்டாப் பை, தோள் வார், துப்பாக்கிக் கத்தி உறை... காலாட்படைக்காரன் உடம்பில் மாட்டிக்கொண்டு நடந்தது எதுவானாலும் சரி. சிலர் ஸ்டாம்பு சேர்க்கிறார்கள். எனக்கு இது. "எவனோ செத்தவன் பைக்குக் கண்ணாடி அலமாரி, என்ர பட்டுச் சீலைக்குத் தகரப் பெட்டி" என்பது என் மனைவியின் நிரந்தர விமர்சனம்.

அந்த அலமாரியின் ராஜா ஒரு கறுப்புத் தோட்டாப் பை. உக்கடத்தில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் பாயிடம் வாங்கியது. மூடியின் உள்பக்கம் ஏதோ ஒரு படைப்பிரிவின் முத்திரை, அதன் கீழே 317 என்று குத்தியிருக்கும். அது ஒரு சிப்பாயின் எண்; அவனுடைய சாமான் எல்லாவற்றிலும் அதே எண்தான் இருக்கும். மூடியைத் திறந்தே வைத்திருப்பேன், எண் தெரியட்டும் என்று. அவன் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. பையைத் தோளில் தொங்கவிட்ட வார் மட்டும் இல்லை. வாரில்லாத பை எனக்கு ஒரு கால் செருப்பு மாதிரி. அந்த வாரையும் பையையும் ஒன்றுசேர்த்துவிட வேண்டும் என்று வருஷக்கணக்கில் அலைந்தேன்.

போன மாதம் காங்கேயத்தில் ஒரு கல்யாணம். பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒற்றை மாட்டு வண்டி ஒன்று வந்து நின்றது. மாட்டின் கழுத்தில் மணி கோத்த அகலமான தோல் வார்... பித்தளை பக்கிள்! டீ பாதி சட்டையில் கொட்டியது. மாட்டைத் தட்டிக்கொடுக்கிற சாக்கில் வாரைத் திருப்பிப் பார்த்தேன். அதே முத்திரை. 317!

வண்டிக்காரர் பெயர் சென்னியப்பன். பக்கத்து ஊர் விவசாயி.

இங்கேதான் என் புத்திசாலித்தனம் வேலை செய்தது. பழம்பொருள் சேகரிக்கிறவர்களுக்கு ஒரு தந்திரம் உண்டு. எது வேண்டுமோ அதைக் கேட்கவே கூடாது. கேட்டால் ஆள் உஷாராகிவிடுவான். குத்துவிளக்கு வேண்டுமா? பக்கத்திலிருக்கிற அண்டாவுக்கு விலை பேச வேண்டும். நான் மாட்டுக்கு விலை பேசினேன்.

"இதோட சோடி போன வருசம் செத்துப்போச்சுங்க. ஒத்த மாட்ட வெச்சுக் கட்டுபடி ஆகறதில்லீங்க. ஆனா அடிமாடா கேரளா லாரியில ஏத்த மனசு வரலீங்க" என்றார்.

"எனக்கு வளக்கத்தானுங்க" என்றேன். கூசாமல் சொன்னேன்.

"தோட்டமுங்களா?"

"தோட்டந்தானுங்க." நான்கு ரோஜாச் செடி, ஒரு தென்னை. அதுவும் தோட்டம்தானே?

மறுவாரம் டெம்போவோடு போனேன். இளநீர், இலை போட்டுச் சாப்பாடு, மோர்... உபசாரத்தில் குறைவில்லை. மாட்டை ஏற்றும் நேரம் வந்தது. சென்னியப்பன் அதன் கழுத்தைத் தடவினார். பக்கிளைக் கழற்றினார். வாரையும் பிடிகயிற்றையும் கொண்டுபோய்க் கொட்டகை ஆணியில் மாட்டினார்.

"ஏனுங்க... அந்த வாரு?"

"மாட்டத்தானுங்க குடுப்போம். கயிறும் வாரும் எங்ககிட்டயே இருக்கோணுமுங்க. அதையும் குடுத்தா பட்டியில லச்சுமி தங்காதுங்க. நீங்க புதுக் கயிறு கொண்டாரலீங்களா?"

மாடு வாங்கிய யாரைக் கேட்டிருந்தாலும் இந்த வழக்கத்தைச் சொல்லியிருப்பார்கள். நான் யாரைக் கேட்டேன்? டெம்போ டிரைவர் திரும்பி நின்று சிரித்தார். கோவை வரும்வரை மாடு பின்னால் கத்திக்கொண்டே வந்தது. நானும் கத்தியிருப்பேன், மானம்தான் தடுத்தது.

நேற்று சென்னியப்பன் வந்தார். பஸ் பிடித்து, ஒரு பை நிறையப் பருத்திக்கொட்டையோடு. சிமெண்ட் தரையில் நிற்கிற மாட்டைப் பார்த்தார். தென்னையைப் பார்த்தார். என் மனைவி உள்ளே கூப்பிட்டு காபி கொடுத்தாள். அலமாரிக்கு எதிரே உட்கார்ந்தவர் டம்ளரை அப்படியே கீழே வைத்தார்.

"ஏனுங்க, இது நம்ம வாருல இருக்கற நெம்பருங்களே?"

இனி எங்கே மறைப்பது? எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை.

"அன்னைக்கு டீக்கடையிலயே ஒரு வார்த்த கேட்டிருந்தா சும்மாவே கழட்டிக் குடுத்திருப்பனுங்களே. மாட்டுக்கு வேற வாரு போட்டா ஆச்சு. இப்ப வித்த மாட்டு வாரா ஆயிப்போச்சுங்க. இனி எப்புடிங்க குடுக்கறது?"

வாசல் பக்கம் திரும்பி மாட்டைப் பார்த்தார்.

"அப்ப... மாடு உங்களுக்கு வேண்டியதில்லீங்களா?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் பையைப் பார்த்தேன். "திரும்ப ஓட்டிட்டுப் போறீங்களா?" என்று ஒருவழியாகக் கேட்டேன். "அந்தப் பணத்துல கெணத்து மோட்டாரச் செரி பண்ணிப்போட்டனுங்க" என்றார்.

ஒரு மனிதர் கேட்டால் சும்மா கொடுப்பார் என்கிற எண்ணமே நமக்கு ஏன் வருவதில்லை? யோசித்துப் பார்த்தேன். நாம் கொடுக்க மாட்டோம். அதனால்தான்.

எங்கள் பக்கம் சண்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்கூட 'வாரேனுங்க' சொல்லாமல் படி இறங்க மாட்டார். சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். போர்டிகோவில் நின்று மாட்டின் வெறுங்கழுத்தைத் தடவினார்.

"வாரேன் கண்ணு" என்றார், மாட்டிடம்.

என்னிடம் சொல்லவில்லை.